பாட்டு தாண்டும் இடம்

என் வீட்டுக்காரர் நடராசன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் அந்தப் பொருளை நான் மறந்துவிட வேண்டியதுதான். மிக்ஸியைத் திறந்தார், அது இன்றுவரை ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. இஸ்திரிப் பெட்டியைத் திறந்தார், அது எடைக்குப் போனது. ஆனால் அவர் அதிகம் திறந்து பார்த்தது என் தம்பி அன்பரசன் எனக்குச் சீராகக் கொடுத்த சிடி பிளேயரைத்தான்.

தம்பியும் இவரும் விருத்தாசலத்தில் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பொம்மைக்கு அச்சில் களிமண் ஊற்றுகிற வேலை. அந்தப் பழக்கத்தில்தான் எங்கள் கல்யாணமே முடிவானது. அதற்குள் தம்பி சிங்கப்பூர் போய்விட்டான். கல்யாணத்துக்கு வந்தபோது அந்த அட்டைப் பெட்டியை ஜங்ஷனிலிருந்து தோளில் சுமந்து நடந்தே வந்தான். ஆட்டோவில் வைத்தால் குலுங்குமாம். பீரோ, கட்டில், அண்டா என்று எவ்வளவோ சீர் இருந்தும் சனம் அந்த வெள்ளிநிறப் பெட்டியைத்தான் சுற்றி நின்றது.

எல்லாரும் பார்க்கிற பதற்றத்தில் தம்பி சிடியைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டான். சிமெண்ட் தரையில் உரசி ஒரு கீறல் விழுந்தது. முதல் பாட்டில் இரண்டாவது சரணம் தொடங்கியதும் பாடகி ஒரு வரியை அப்படியே முழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடுடா. அவளுக்கு என்னா அவசரமோ, கடலூர் பஸ்ஸ புடிக்கணுமோ என்னமோ" என்றேன். அழ வந்தவன் சிரித்துவிட்டான்.

அந்தப் பாட்டைத் தாண்டித் தாண்டியே கேட்டுப் பழகினோம். குழம்பு கொதிக்கும்போது அது பாடும், மகள் கயல்விழிக்குத் தலை பின்னும்போது அது பாடும். கயல்விழி ஸ்கூல் ஆண்டு விழாவில் அந்தப் பாட்டைப் பாடினாள். அந்த வரியை விட்டுவிட்டேதான் பாடினாள், அவளுக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. கீபோர்டு வாசித்த வாத்தியார் திருதிருவென்று விழித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு அடங்காது. அந்த நாளெல்லாம் திரும்ப வராதா என்று இருக்கிறது.

பிறகு பெட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சிடியைப் போட்டால் கொஞ்சம் சுற்றும், 'நோ டிஸ்க்' என்று எழுத்து காட்டும், நின்றுவிடும். இவர் பாண்டிச்சேரி போய் லென்ஸ் வாங்கி வந்து தானே மாட்டினார். சில வாரம் பாடியது, மறுபடி ஊமையானது. தினமும் லென்ஸைத் துடைத்தார். உள்ளே கடுகளவு திருகு ஒன்று இருக்கிறதாம், அதைத் திருகினால் வெளிச்சம் கூடுமாம், அதையும் திருகினார். கொரோனாவில் கம்பெனி மூடிக்கிடந்த நாட்களில் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் பாடியது. "நாம சும்மா கெடக்கோம்னு அதுக்கும் எரக்கம் வந்துடுச்சு" என்றார் இவர். கம்பெனி திறந்தார்கள், அதன் இரக்கமும் தீர்ந்தது.

வினை வந்தது போன வருஷப் பொங்கலுக்கு முந்தின பொங்கலில். சேத்தியாத்தோப்பில் வீடு கட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட தம்பி, வருஷம் தவறாமல் கொண்டுவருகிற பொங்கல் சீரோடு உள்ளே நுழைந்தான். கூடத்தில் பேப்பர் விரித்து, பெட்டியின் குடலை உருவிப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார் இவர்.

"நான் சீர் குடுத்த பொருள இப்பிடிக் கூறு போட்டு வச்சிருக்கீங்களே மாமா, இதான் எனக்கு மரியாதியா?"

"பாடாத பொட்டிக்கு பூசையா பண்ணச் சொல்ற?" என்றார் இவர். வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு திருகு கிடையாது.

கரும்பையும் மஞ்சள் கொத்தையும் வாசலிலேயே சாய்த்துவிட்டு, என் தம்பி ஒரு வாய் சாப்பிடாமல், கை நனைக்காமல் போனான். பொங்கப் பானையை வைத்துக்கொண்டு நான் அழுதேன். அதற்குப் பிறகு சீர் அவன் மகள் தமிழினி கையில்தான் வந்தது. இப்போது அந்தத் தமிழினிக்கே கல்யாணம்.

"ஞாயித்துக்கெழம பத்திரிகை வைக்க வரேன்க்கா" என்று போனில் சொன்னான். யாரோ பேங்க்கிலிருந்து பேசுகிற குரல் மாதிரி இருந்தது. எங்களில் குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை கூடப்பிறந்தவளுக்கு. அந்த முறைக்காக வருகிறான். முறைக்கு வைத்துவிட்டு மறுபடியும் கை நனைக்காமல் போனால், அதோடு எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, அவன் வாசப்படி ஏறும்போது அந்தப் பொட்டி பாடணும். பாடலைன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

இவர் நகம் அளவு புளூடூத் போர்டு ஒன்றை வாங்கி வந்து பெட்டிக்குள் ஒட்டவைத்தார். பின்பக்கம் ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் சிடி, கீழே தள்ளினால் போன்.

"பாடறது போனு. மேல துணியப் போட்டு மூடிட்டா உள்ள சிடி சுத்துதா தூங்குதான்னு யாரு பாக்கப்போறா?" என்றார். சென்னையில் வேலையில் இருக்கும் கயல்விழி அதே பாட்டை போனுக்கு அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். அவன் பெண்டாட்டி அவள் பிறந்த வீட்டுப் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை, மேலே பத்திரிகை. அவன் படியில் கால் வைக்க, பெட்டி பாட ஆரம்பித்தது. இறுகிக் கிடந்த அவன் முகம் இளகியதை நான் பார்த்தேன். எங்கள் ஊர் பழமலைநாதருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"மாமா சரி பண்ணிட்டாரா?" என்று என்னைத்தான் கேட்டான்.

"ம்" என்றேன்.

தாம்பாளத்தை ஏந்தியபடியே நின்று கேட்டான். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணம் வந்தது. பாடகி அந்த வரியை நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் பாடினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியிலிருந்து நான் அந்த வரியைக் கேட்டதே இல்லை.

தம்பி தலையை நிமிர்த்தினான். "தாண்டலையே."

"அது… பாலீஷ் போட்டேன் மச்சான்" என்றார் இவர். பொய் சொன்னால் இவருக்குக் காது சிவக்கும். அந்த நேரம் பார்த்து கயல்விழி, 'மாமா வந்துட்டாரா' என்று போனுக்கு மெசேஜ் போட, பெட்டி 'டிங்' என்றது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஆமாண்டா, ஏமாத்துனோம்! அது செத்துப்போச்சு. நீ கோச்சிக்கினு போயிடுவியேன்னு பயந்து செத்த பொட்டிய பாட வச்சோம். ஒரு பொட்டிக்காக அக்காவ வேணாம்னு போனவன்தானே நீ? இந்தா, இன்னிக்கும் போ!"

அவன் போகவில்லை. தாம்பாளத்தை நாற்காலியில் வைத்தான். பெட்டியின் மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தடவினான். கை வெள்ளையாக வந்தது. இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். பெட்டிக்கு நேர் மேலே ஆணியில் இவருடைய கம்பெனிச் சட்டை தொங்கியது.

"மாமா, லென்ஸ எதால தொடைப்பீங்க?"

"இந்தச் சட்டையாலதான். பருத்தி, மெத்துனு இருக்கும்."

"இது நம்ம கம்பெனி மண்ணு மாமா! தொடைக்கலை நீங்க, பூசியிருக்கீங்க!"

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதான் கம்பெனி மூடியிருந்தப்ப நல்லா பாடுச்சா…"

எங்கள் வீட்டில் கதவு, ஜன்னல், கொடிக்கயிறு எல்லாவற்றிலும் அந்த வெள்ளை உண்டு. தினமும் கூட்டித் தள்ளுகிற எனக்கே அது கண்ணில் படுவதில்லை. வெளியூரில் காலம் தள்ளியவன் கண்ணுக்கு அது உடனே தெரிந்தது.

அதே கூடத்தில் பேப்பர் விரித்தார்கள். இவர் திருகுகளைக் கழற்ற, தம்பி போனில் டார்ச் அடித்தான். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்து, காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தொட்டு, பச்சைக் குழந்தையின் கண்ணைத் துடைக்கிற மாதிரி துடைத்தார்கள். "மாமா, மெதுவா!" "தெரியும் மச்சான், நீ வெளிச்சத்த ஒழுங்கா காட்டு." கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி வாசல் டீக்கடையில் நின்று இப்படித்தான் மல்லுக்கட்டுவார்கள். நான் இலை அறுக்கப் போகிற சாக்கில் கொல்லைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நான் வருவதற்குள் இவர் ஆணியைப் பிடுங்கியிருந்தார். வழக்கம்போல் சுவரில் பாதி காரை பெயர்ந்திருந்தது.

சுவிட்சை மேலே தள்ளி, கீறல் விழுந்த சிடியைப் போட்டார்கள். சுற்றியது. 'நோ டிஸ்க்' வருமோ என்று மூன்று பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்தோம். எண் வந்தது. பாட்டு வந்தது. தரையில் உட்கார்ந்து கேட்டோம். முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் தொடங்கியது, பாடகி அந்த வரியை முழுங்கிவிட்டுத் தாண்டினாள்.

"பஸ்ஸ புடிச்சிட்டா" என்றான் தம்பி. கையெல்லாம் வெள்ளையாக இருந்ததால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

நான் தாம்பாளத்தைப் பார்த்தேன்.

"பத்திரிகைய அப்பறம் வாங்கிக்கக்கா" என்றான். "கைய கழுவிட்டு வரேன், எலைய போடு."