பஞ்சுக்குள் இருந்த ஹெரால்டு

வேலம்பாளையம் இரண்டாவது வீதியில் லிங்கசாமிக்குப் பிடித்தது என்ன என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. பிடிக்காததைக் கேட்டால் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வார்கள். முப்பத்தொரு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த மனிதர். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். அக்கா மகனுக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஒன்பது வீட்டில் காபி குடித்துவிட்டு ஒன்பதையும் கழித்துக்கட்டினார். பத்தாவது வீட்டுக்கு அக்கா இவரிடம் சொல்லாமலே போய்விட்டாள். அந்தக் கல்யாணம் நன்றாகத்தான் நடக்கிறது. அதைப் பற்றி மட்டும் இவர் பேசமாட்டார்.

இப்பேர்ப்பட்டவர், ரிட்டயர் ஆன மூன்றாம் வாரமே, பழைய கார் ஒன்று வாங்கக் கிளம்பினார் என்றால் தெரு சும்மா இருக்குமா?

ஆரம்பித்து வைத்தது மெக்கானிக் வேலுமணிதான். முதலிபாளையத்தில் ஒரு நிட்டிங் ஷெட்டின் மூலையில் எடுத்ததென்று போனில் ஒரு போட்டோ காட்டினான். கிழிந்த தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கித் துடைத்த இடத்தில் ஒற்றை ஹெட்லைட்டும் முழ நீளத்துக்குப் பளபளப்பான கம்பியும் தெரிந்தன. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அறுபதுகளில் வந்த வண்டி. லிங்கசாமி அந்தப் போட்டோவை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். மறுநாளும் டீக்கடையில் வந்து காட்டச் சொன்னார். அதற்கடுத்த நாள் வேலுமணி கேட்காமலே போனை எடுத்து நீட்டினான்.

வீட்டில் மனைவி அன்புசெல்வி பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மெஷின் ஓட்டும் டெய்லர். வளைந்த தையலையும் வளைந்த பேச்சையும் ஒரே பார்வையில் பிடிப்பவள். "வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா புக்கு நேரா இருக்கோணும். நாளைக்கு எவனாச்சும் வந்து எங்க வண்டின்னு வாசல்ல நின்னா, அப்பறம் நான் வேலைக்குப் போற வழியில தலை நிமிர்ந்து நடக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். புக்கு என்றால் ஆர்.சி. புத்தகம். அது நேராக இருந்தால் கார். இல்லையென்றால் பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலுமணியும் லிங்கசாமியும் போய்ச் சேர்ந்தார்கள். ஷெட்காரர் டேனியல் வாசலிலேயே நின்றார். வண்டி அவருடைய அப்பா முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு புரோக்கரிடம் வாங்கியது. கொஞ்ச நாள் ஓட்டினாராம், பிறகு மூலையில் தள்ளிவிட்டாராம். புத்தகத்தைத் தன் பேருக்கு மாற்றவே இல்லை. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

"புது மெஷின் ரெண்டு வருதுங்ணா, எடம் வேணும்" என்றார் டேனியல். "நாளைக்குப் பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிட்டனுங்க. கட்டிங் மெஷினோட வர்றான். இன்னைக்கு நீங்க எடுத்தா உங்களுக்கு, இல்லீன்னா எடைக்கு."

லிங்கசாமி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். மூலையில் கார் எதுவும் இல்லை. வெள்ளையாக ஒரு மேடு இருந்தது. நிட்டிங் மெஷின்கள் இத்தனை காலம் உதிர்த்த பஞ்சு, நைந்த தார்ப்பாய்க்கு மேலும் கீழும் விரற்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது.

பிகார்க்கார ஆபரேட்டர் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, மெஷினுக்குக் காற்றடிக்கும் ஏர் கன்னைக் கொண்டுவந்து ஒரு அழுத்து அழுத்தினார். ஷெட் முழுக்க வெள்ளை. வேலுமணி இருமினான், டேனியல் முகத்தைப் பொத்திக்கொண்டார். லிங்கசாமி மட்டும் கண்ணை மூடவில்லை. பறக்கும் பஞ்சுக்கு நடுவில் முதலில் ஒரு கண் வந்தது, பிறகு இன்னொரு கண். வளைந்த புருவம் மாதிரி அதன் மேல் தகடு. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் லேசாக எழும்பிய சிறகு. பஞ்சு தரையில் இறங்கி முடிந்தபோது, தகர ஓட்டையில் விழுந்த வெயிலில் நீல நிறத்தில் ஒரு கார் நின்றது.

எந்த நீலம்? நேவி, ராயல், டர்க்காய்ஸ், டெனிம் என்று லட்சக்கணக்கில் பார்த்துப் பாஸ் செய்த கண். இந்த நீலத்துக்கு அவரிடம் பேர் இல்லை.

"பாப் ரே" என்று தன் பாஷையில் வியந்தார் ஆபரேட்டர், ஏர் கன்னைக் கீழே வைத்துவிட்டு.

"என்னங்ணா, ஒரு குறையும் சொல்லக் காணோம்?" என்றான் வேலுமணி. "ஒடம்புக்கு ஏதும் சரியில்லீங்களா? இது பனியன் இல்லீங்ணா, உள்பக்கம் திருப்பிப் பாக்க முடியாது."

சொல்லிக்கொண்டே இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்து பானெட்டைத் தூக்கினான். மற்ற கார்களில் ஒரு மூடிதான் திறக்கும். இதில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுவதும் முன்னால் சாய்ந்தது. எஞ்சின், சக்கரம், ஸ்பிரிங், அடிச்சட்டம் அத்தனையும் வெட்டவெளியில். கார் தானாகவே உள்பக்கம் திரும்பிக் காட்டிவிட்டது. லிங்கசாமி செருப்பை ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

டேனியல் புத்தகத்தைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் ஊத்துக்குளி வெண்ணெய் வியாபாரி நாச்சிமுத்து என்று மை மங்கிய எழுத்து. எஞ்சினுக்குப் பின்னால் அடித்திருந்த சேஸிஸ் நம்பர் தகட்டின் எண்ணை வேலுமணி சத்தமாக வாசிக்க, டேனியல் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்தார். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"முடிஞ்சதுங்ணா" என்றான் வேலுமணி. "ஊட்டுக்குப் போன் போடுங்க. புக்கு நேரா இருக்குது."

லிங்கசாமியின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. இழை எண்ணும் சின்ன மடக்குக் கண்ணாடி அங்கே எப்போதும் இருக்கும். அதை விரித்துத் தகட்டின் மேல் வைத்துக் குனிந்தார். நான்கு மூலையிலும் ரிவிட். ஒவ்வொரு ரிவிட்டுக்கும் பக்கத்தில், பெயின்ட் பூசி அடைத்த இன்னொரு ஓட்டை.

அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கம்பெனி லேபிளைப் பிரித்துவிட்டு இன்னொன்றை வைத்துத் தைத்தால் பழைய ஊசித்துளை துணியில் நிற்கும். வாழ்நாளெல்லாம் அதைப் பிடித்துத்தான் சோறு தின்றார்.

கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுவிட்டால் போதும். வேலுமணி பார்க்கவில்லை. டேனியலுக்குத் தெரியாது. அன்புசெல்வி கேட்டது புத்தகத்தை. புத்தகம் நேராகத்தான் இருக்கிறது. சொன்னாலோ, நாளைக்குக் கட்டிங் மெஷின். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. எஞ்சினுக்கு ஏதோ ரகசியம் சொல்கிறார் என்றுதான் வேலுமணி நினைத்தானாம்.

"லேபிள் மாத்தியிருக்குது" என்றார் கடைசியில். "தகடு இந்த வண்டியுது இல்லை. அடிச்சட்டத்துல வேற நம்பர் இருக்கும், பாரு."

வேலுமணி முனகிக்கொண்டே கீழே படுத்தான். பனியன் வேஸ்ட்டை டீசலில் நனைத்து இரும்பைத் துடைத்தான். கருப்பு மெழுகு மாதிரி அழுக்கு வழிந்தது. வெள்ளைத்தாளை ஒட்டிவைத்து மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க, ஒவ்வொன்றாக எண்கள் மேலே வந்தன. தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் இருந்த எண்ணுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்ணா" என்றார் டேனியல்.

வேலுமணி விடவில்லை. ஊத்துக்குளியில் அந்த வெண்ணெய்க்கடை இன்னும் இருக்கிறது. கடையின் போன் நம்பரைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். நாச்சிமுத்துவின் மகள் வேலாத்தாள் எடுத்தார். வயதான குரல்.

"ஹெரால்டுங்களா? அது ஆத்தோட போச்சுங் கண்ணு. நான் எட்டாவது படிக்கறப்ப. நொய்யல்ல தண்ணி வந்து தரைப்பாலத்துல வெச்சு அடிச்சுட்டுப் போயிருச்சு. எங்கப்பன் நீந்தித் தப்பிச்சாரு. மூணாம் நாள் மணலுக்குள்ள கவுந்து கெடந்துச்சு, எடைக்குப் போட்டாங்க. புக்கு மட்டும் ஊட்டுல இருந்துச்சு. பல வருசங் கழிச்சு ஒரு புரோக்கர் வந்து ரெண்டு டின் நெய் வெலைக்கு அதைய வாங்கிட்டுப் போனான். வண்டியே இல்லாத புக்கு இவனுக்கு எதுக்குன்னு எங்கப்பன் சிரிச்சாரு. ஏங் கண்ணு, இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"உங்க வண்டி பேரை வெச்சுக்கிட்டு இங்க ஒரு வண்டி நிக்குதுங்க அம்மா" என்றான் வேலுமணி.

"நல்லா இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார் வேலாத்தாள்.

போனை வைத்த பிறகு நான்கு பேரும் காரைப் பார்த்தார்கள். எவருடையதோ ஒரு வண்டியின் தகட்டைப் பிடுங்கிவிட்டு, அந்தப் புக்குக்கு ஏற்ற எண்ணில் புதுத் தகடு அடித்து வைத்திருக்கிறான் புரோக்கர். ஆற்றில் செத்துப்போன ஒன்றின் பேரைச் சுமந்துகொண்டு, தன் பேர் இன்னதென்று சொல்ல ஒருவரும் இல்லாமல், இது முப்பது வருஷம் பஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

"கட்டிங் மெஷினை வர வேண்டாம்னு சொல்லிருங்க தம்பி, நான் எடுத்துக்கறேன்" என்றார் லிங்கசாமி.

"ரோட்டுல ஓட்ட முடியாதுங்ணா" என்றான் வேலுமணி.

"தெரியும். தகட்டைப் பேத்துரலாம். தகடு, புக்கு, இந்தப் பென்சில் தாளு மூணையும் நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவோம். டேனியல் தம்பியும் வரட்டும்."

பிறகுதான் வீட்டுக்குப் போன் போட்டார்.

"புக்கு நேரா இருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்ப எதுக்குப் போன்? வந்துருங்க."

"நீ ஒருக்கா வா" என்றார்.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய விதத்திலேயே அன்புசெல்வி வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. வேலுமணி நாசூக்காகத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அவள் இரண்டு எட்டு உள்ளே வைத்தாள். அடுக்கிய வார்த்தைகள் என்னவாயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். பானெட்டும் கதவும் சேரும் கோட்டில் விரலை ஓட்டினாள். ஒரு தையல்காரி இன்னொருத்தர் தையலை அப்படித் தொட்டால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

லிங்கசாமி ஒன்றையும் மறைக்கவில்லை. ஓட்டை, எண், ஆறு, எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆராச்சும் வந்து கேட்டா?"

"குடுத்துருவோம்."

"வரலீன்னா?"

"நம்ம வாசல்ல நிக்கும். ஓடாது."

அன்புசெல்வி பின்பக்கச் சிறகைப் பார்த்தபடி நின்றாள். "அது வரைக்கும் மழையில நனைய விடக்கூடாதுங்க" என்றாள் பிறகு, மெதுவாக. "மேல ஷீட் போடோணும். எத்தனை நீளம் இருக்கும்?"

கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, முன்னால் இருந்த பம்பரில் ஒரு முனையை அழுத்தினாள். அறுபது இன்ச் டேப் கதவைத் தொடும் முன்பே தீர்ந்துவிட்டது. தீர்ந்த இடத்தில் லிங்கசாமி தன் விரலை வைத்துக்கொண்டார். அவள் அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.