கனமான பெட்டி

தை மாதம் வடிவு ராமராஜனுக்கு இரண்டாம் தாரமாக வந்தாள். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. மூத்தவள் விட்டுவிட்டுப் போன மகள் ஜோதிகாவுக்கு ஒன்பது வயது. தாயில்லாப் பிள்ளை, அடம் பிடிக்கும், ஜாக்கிரதை என்று வடிவை ஊரே பயமுறுத்தி அனுப்பியிருந்தது.

வந்து பார்த்தால் அடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாகற்காய் வைத்தாலும் அந்தப் பெண் சாப்பிட்டது. தலையை இழுத்துப் பின்னினாலும் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு தங்கமான பிள்ளை உண்டா என்று தெருவே மெச்சிக்கொண்டது. வடிவுக்குத்தான் அது உறுத்தியது. விருந்தாளிதானே வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்துபோவார்? சொந்த வீட்டில் எந்தப் பிள்ளை இப்படி இருக்கும்? இவளும் பதிலுக்கு விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தி, சிரித்த முகமாகவே இருந்து இருந்து, பொழுது சாய்ந்தால் கன்னம் வலித்தது. ஒரு நாளாவது இந்தப் பெண் 'எனக்கு இது வேணும்' என்று தன்னைக் கேட்டுவிடாதா என்று அவள் ஏங்கினாள்.

அந்த வருஷக் கோடை லீவில் சின்ன காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு மல்யுத்தக் கார்டு பைத்தியம் பிடித்திருந்தது. கேபிள் டிவியில் அண்டா அண்டாவாக ஆட்கள் ஒருத்தனை ஒருத்தன் தூக்கிக் கடாசுவார்களே, அவர்கள் படம் போட்ட சீட்டு. உயரம், எடை, மார்பளவு எல்லாம் அச்சடித்திருக்கும். எல்லோருடைய கார்டையும் ஒரே கட்டாகக் கலந்து பங்கு போட்டு ஆட வேண்டும். யாருடைய ஆள் பெரியவனோ அவர்களுக்கு மற்றவர் சீட்டு. கொண்டுவர கார்டு இல்லாதவர்களுக்கு ஆட்டத்தில் இடமில்லை. அதே தெருப் பெண் லக்ஷணா வீட்டு வாசலில் தினமும் ஆட்டம் நடந்தது. ஜோதிகா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பதை, வேலை முடிந்து வருகிற வழியில் வடிவு பார்த்தாள். கேட்காவிட்டால் போகிறது, நாமே வாங்கிக் கொடுப்போம் என்று முடிவு செய்தாள்.

சிட்டிபாபுவின் ஃபேன்சி ஸ்டோரில் இரண்டு விதமான பெட்டிகள் இருந்தன.

"இது ஸ்பெஷல்மா. ஒவ்வொரு கார்டும் மின்னும், பாரு. ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி. அது சாதா. பாப்பாவுக்குன்னா ஸ்பெஷலே எடுத்துக்கோ" என்றார் அவர்.

விலைக்கு வடிவு அஞ்சவில்லை. சம்பளம் வாங்கிய கையோடு வந்திருந்தாள். ஆனால் அவள் வேலை பார்ப்பது பட்டுக் கடையில். ஸ்பெஷல் கார்டைச் சாய்த்துப் பார்த்தாள். பச்சையும் ஊதாவுமாகக் கண்ணைப் பறித்தது. போலி ஜரிகைதான் இப்படிக் கூவிக்கொண்டு மின்னும், அசல் ஜரிகை அடக்கமாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு பெட்டியையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்தினாள். ஸ்பெஷல் காற்றாகக் கிடந்தது. சாதா கனத்தது. எடை இல்லாத புடவையை எந்தக் கல்யாண வீட்டார் எடுப்பார்கள்? அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது, பாவம்.

"இந்தப் பளபளப்பெல்லாம் வெளியூர்க்காரங்ககிட்ட காட்டுப்பா" என்று சிரித்தாள். "எனக்குக் கனமானதையே குடு."

"அது வெறும் அட்ட கனம்மா…" என்று சிட்டிபாபு இழுத்தார். யாரிடம் கதை விடுகிறார் இவர் என்று நினைத்தபடி வடிவு வெற்றி வீராங்கனையாகப் படியிறங்கினாள்.

பெட்டியைப் பார்த்ததும் ஜோதிகாவின் கண் விரிந்தது. வாங்கிக்கொண்டு லக்ஷணா வீட்டுக்கு ஓடினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி வந்தவள் பெட்டியைத் தரையில் வீசினாள். சீட்டெல்லாம் அடுப்படி வரைக்கும் சிதறின.

"இத யாரு வாங்கச் சொன்னது? அட்ட மொத்தமா இருக்குது! கட்டுல கலந்தா ஓரத்தப் பாத்தே இது என்னுதுன்னு எல்லாருக்கும் தெரியுது. ஒரே ஆளு நாலு வாட்டி வரான். ஆட்டத்துல சேத்துக்கவே இல்ல. சிரிக்கிறாங்க!"

"கனமா இருந்துச்சி, நல்லதுன்னு நெனச்சேன்…"

"கனம் பாத்து வாங்க இது இன்னா பட்டுப் பொடவையா?"

கட்டிலில் படுத்திருந்த ராமராஜன் துள்ளி எழுந்தான். "ஏய், யார்கிட்ட பேசிக்கினு இருக்கிற?"

"நீங்க சும்மா இருங்க" என்று வடிவு அவனை அடக்கினாள். "இது எங்க ரெண்டு பேருக்குள்ள."

"எனக்குச் சோறு வேணாம்!" என்று ஜோதிகா காலை உதைத்தாள்.

"வேணாம்னா பட்டினி கெட! ஆசையா வாங்கினு வந்தா என் மேலயே பாயிறியா? வாய்க்கொழுப்பப் பாரு!"

சொல்லிவிட்டு வடிவு திடுக்கிட்டாள். இத்தனை மாதமாகக் காபந்து பண்ணி வைத்திருந்த வாய். ஜோதிகா அரளவில்லை.

"நீதான் கத்துற!"

"நீதான்டி மொதல்ல கத்துன!"

ராமராஜன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆட்டோவைத் துடைப்பதே உத்தமம் என்று வெளியே போய்விட்டான். வடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துத் தொலைத்தால் காரியம் கெட்டுவிடும் என்று குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினாள். கண்ணில் நீர் முட்டியது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

பொறுக்கியதை அடுக்கிச் சுவரோரம் வைத்தாள். பிறகு மூலையிலிருந்து குரல் வந்தது. "எனக்குத் தோச வேணும்."

"மாவு இல்ல."

"கட தொறந்துதான் இருக்குது."

வடிவு தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. ஜோதிகா பொறுக்கி வைத்த சீட்டுகளைப் பெட்டியில் அடைத்து, அதை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்கு? நான் போயி வாங்கியாரேன்."

"நீ தனியா போனா எதனா கனமா பாத்து வாங்கினு வருவ" என்றாள் ஜோதிகா, இன்னும் மூக்கை உறிஞ்சியபடி. "மொதல்ல சிட்டிபாபு கடைக்கு நட, இத மாத்தணும். நான் பேசறேன். நீ வாயே தொறக்கக் கூடாது."