காலி மாடிக்குப் பாதி வரி

ஆளில்லாத வீட்டுக்குப் பாதி வரி கட்டினால் போதும் என்று எங்கள் நகராட்சியில் ஒரு விதி உண்டு. அதனால் எனக்குத்தான் தலைவலி. மனு வந்தால் நேரில் போய்ப் பார்த்து, காலிதான் என்று எழுதித்தர வேண்டும். ஆளைக் குடிவைத்துக்கொண்டே என் காதில் பூச்சுற்றுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

அன்று மனு கொடுத்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மாடியில் இருந்த ஒரே மகள் வேலைக்கு வெளிநாடு போனவள், இனி அங்கேயேதான் என்று போன மாதம் சொல்லிவிட்டாளாம்.

"பென்ஷன்ல ஓடுற குடும்பம் சார். காலி மாடிக்கு எதுக்கு முழு வரி?" என்றார். அவர் மனைவி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

கதவைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடியில் ஈரத்துண்டு!

"யாரை வாடகைக்கு வெச்சிருக்கீங்க?"

"யாரும் இல்ல. அது பாப்பாவோட துண்டு. நான்தான் வாராவாரம் அலசிப் போடுறேன்" என்றார் அந்த அம்மா.

"உனக்கென்ன கிறுக்கா? இதை யார் நம்புவா?" என்று டிரைவர் கத்தினார்.

நானும் நம்பவில்லை. ஜன்னலோர நாற்காலியில் அன்றைய பேப்பர் விரித்துக் கிடந்தது, அதன் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. "இதுவும் பாப்பாவோடதா?" என்றேன்.

மனைவி கண்ணாடியைக் கையில் எடுத்து டிரைவரைப் பார்த்தார். "வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு தினமும் இங்கதான் வந்து உக்காந்திருக்கீங்களா?"

"கீழ இருந்தா அவ இல்லைன்னு தெரியுது. இங்க உக்காந்தா, இப்பதான் கடைக்குப் போயிருக்கான்னு தோணுது" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"சரிங்க, நம்புறேன். இதுல ஒரு கையெழுத்து போடுங்க, பாதி வரி மிச்சம்" என்று படிவத்தை நீட்டினேன்.

மனைவி கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வாய்விட்டுப் படித்தார். "இம்மாடியில் எவரும் வசிக்கவில்லை என உறுதி அளிக்கிறேன்." பேனாவைத் திறந்தார். மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் பேனாவை மூடிவிட்டார்.

"முழுசாவே கட்டிடறேன் சார். தெருவிளக்கோ குப்பை வண்டியோ, எதுக்கு வேணும்னாலும் அந்தக் காசைப் போடுங்க. யாரும் இல்லைன்னு மட்டும் என்னை எழுதச் சொல்லாதீங்க."