வட்டத்துக்கு வெளியே

கதவைச் சாத்தச் சொன்னார் தலைவர். காவலர் வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தியதும் மேசை மேல் வரைபடத்தை விரித்தார்கள். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கு ஒரு தண்ணீர்க் குவளை வைத்தார்கள். அறையில் பதினொரு பேர். தலைவரையும் சேர்த்துப் பாதுகாப்புக் குழு உறுப்பினர்கள் எட்டுப் பேர், பாதுகாப்பு அமைச்சர், ஓய்வு பெற்ற ஏவுகணைப் பொறியாளர் ஒருவர், கடைசி நாற்காலியில் சுருக்கெழுத்தாளர்.

பத்தொன்பது வருடங்களாக இந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் பேசுவதை எழுதுவதுதான் அவள் வேலை. காது கேட்பதைக் கை எழுதும். மனசு குறுக்கே வராது. இன்றைக்கு என்ன எழுதினாய் என்று சாயங்காலம் யாராவது கேட்டால் அவளுக்கே பாதி நினைவிருக்காது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்தான். ஆனால் அதைக் காப்பாற்றியது கையெழுத்து இல்லை, அந்த மறதி.

வரைபடத்தில் சிவப்பு மையால் ஆறு வட்டங்கள். எதிரியின் ஏவுகணையை வானத்திலேயே அடித்து வீழ்த்தும் தளங்கள் ஆறு. ஒவ்வொரு தளமும் எவ்வளவு தூரத்துக்குக் காக்கும் என்பதுதான் வட்டம்.

"இதுக்குள்ள எவ்வளவு பேர் வர்றாங்க?" என்றார் தலைவர்.

"பத்துக்கு ஆறு பேர்," என்றார் பொறியாளர். "அதுவும் ஒரே சமயத்துல நாலஞ்சு ஏவுகணை வந்தா. இருபது வந்தா என்னைக் கேக்காதீங்க. நாம ஒரு தளம் கட்டினா அவங்க பத்து ஏவுகணை கூடச் செய்வாங்க. கவசம் இருக்குங்கற தைரியத்துல பேச்சுவார்த்தைய விட்டோம்னா, ஆபத்து அங்கதான்."

அமைச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதுக்காக ஒண்ணுமே கட்டாம கையக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா? ஆறு பேரையாவது காப்பாத்தலாம்ல?"

"காப்பாத்துங்க. மீதி நாலு பேர்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டுக் காப்பாத்துங்க."

யாரோ துறைமுக நகரத்தைப் பற்றிக் கேட்டார்கள். கடற்படைத் தளம் இருக்கிற ஊர். அடி முதலில் அங்கேதான் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர் எந்த வட்டத்துக்குள்ளும் இல்லை. "அடுத்த கட்டத்துல வருது. மூணு வருஷம் ஆகும்," என்றார் அமைச்சர், வரைபடத்தைப் பார்க்காமல்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "இந்தக் கேள்வியும் பதிலும் குறிப்புல வேண்டாம்மா."

அவள் அந்த நான்கு வரிகளையும் கோடு போட்டு அடித்தாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, கை எழுதியதை மனசு படித்துவிட்டிருந்தது. துறைமுக நகரத்தில்தான் அவள் தங்கை இருந்தாள். அரசு மருத்துவமனையில், பிரசவ வார்டு நர்ஸ். புருஷன் சரக்குக் கப்பலில். வருடத்துக்கு இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். எட்டு வயதில் ஒரு பெண்.

மறுநாள் பொது அவையில் அமைச்சர் எழுந்து, நாட்டின் ஒவ்வொரு நகரமும் கவசத்தின் கீழ் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். துறைமுக நகரத்தின் உறுப்பினர் எழுந்து தம் மக்கள் சார்பில் நன்றி சொன்னார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். எல்லாவற்றையும் அவள் எழுதினாள், மேசை தட்டியதையும் சேர்த்து.

சாப்பாட்டு இடைவேளையில் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, டிவில பாத்தோம். எங்க ஊரும் உண்டாம்ல? எல்லையில சண்டை மூளப் போகுதுன்னு ரெண்டு வாரமா வார்டுல ஒருத்தரும் தூங்கல. இன்னிக்குத்தான் சிரிக்கறாங்க. நீ அங்கயே இருக்கியே, நிஜந்தானே?"

தாழ்வாரத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிஜம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நிஜமில்லை என்றால் சிறை.

"எனக்கு உடம்பு சரியில்லடி," என்றாள். வாயில் வந்தது அதுதான். "வயித்துல கட்டியாம். பாப்பாவையும் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பி வா. பத்து நாளாவது இரு."

தங்கை சனிக்கிழமை காலை வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, "ஸ்கேன் எங்க?" என்றாள். அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை நாலு இடத்தில் அழுத்தினாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு அக்கா ஒருமுறை வலது பக்கம் காட்டினாள், இன்னொருமுறை இடது பக்கம்.

தங்கையின் கை நின்றது. "கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்குக்கா எங்களை வரவச்ச?"

அப்போது மேலே ஒரு விமானம் போனது. தினமும் அந்த நேரத்துக்குப் போகிற விமானம்தான். அக்கா தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை மூச்சே விடவில்லை. தங்கை அதைப் பார்த்தாள். பக்கத்து அறையில் குழந்தை அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தது. தங்கை எழுந்துபோய் நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எங்க ஊர் இல்லியா?"

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாதுன்னுகூடச் சொல்லக் கூடாது."

தங்கை சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். எத்தனையோ ரத்தத்தைப் பார்த்தவள் அவள். அந்த விரல்களைப் பார்க்க அக்காவுக்கு வரைபடத்தைப் பார்த்தபோது இருந்ததைவிடப் பயமாக இருந்தது.

"வார்டுல இருபத்திரண்டு பேர் இருக்காங்க," என்றாள் தங்கை. "எட்டு பேருக்கு ஆபரேஷன் ஆகி எந்திரிக்கவே முடியாது. பக்கத்து வீட்டுல சாவியக் குடுத்துட்டு வந்திருக்கேன். அவங்ககிட்ட எல்லாம் நான் என்ன சொல்றது?"

"எதுவும் சொல்லாத. நீ இங்கயே இருந்துடு. வேலைய விடு. சோத்துக்கு நான் இருக்கேன்ல?"

"எல்லா நர்சுக்கும் அக்கா இருக்காளா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். அக்கா நடுக்கதவைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அழுகை வரும், அழுதால் குழந்தைக்குக் கேட்கும்.

ஞாயிறு மத்தியானம் தங்கை கிளம்பினாள். குழந்தையை விட்டுவிட்டுத்தான் போனாள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நீதான் பார்த்துக்கணும் என்று சொல்லியிருந்தாள். குழந்தைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தது. தங்கை, குழந்தைக்கு ராத்திரி இருமல் வந்தால் மருந்து எவ்வளவு, எந்தச் செருப்பு காலைக் கடிக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸில் ஏறும்போது மட்டும் அக்காவின் காதருகே குனிந்தாள்.

"நான் யார்கிட்டயாவது சொன்னா உன்னைத்தான் பிடிப்பாங்க, இல்லியா?"

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"சொல்லாம இருப்பேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா."

"நான் கேக்கல," என்றாள் அக்கா. கேட்க வேண்டும் என்று தொண்டைவரை வந்திருந்தது.

ஒரே சமயத்தில் இரண்டு பஸ்கள் புறப்பட்டன. தூசியில் எது எது என்று குழந்தைக்குத் தெரியவில்லை. குழந்தை முன்னால் போன பஸ்ஸைப் பார்த்துக் குதித்துக் குதித்துக் கையசைத்தது. அது வேறு ஊர் போகிற பஸ். அதன் ஜன்னலோரம் யாரோ ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கையசைத்தார். அக்காவும் குழந்தையைத் திருத்தாமல் கையைத் தூக்கி, அந்த பஸ் வளைவில் திரும்பும்வரை அவரைப் பார்த்தே அசைத்துக்கொண்டிருந்தாள்.