மேசைமேல் ஏறிய மலை

டிசம்பர் மாதம் ஏழாம் தேதி தொடங்கி, அந்த வீட்டில் ஒருவரும் மேசையில் அமர்ந்து உண்ணவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் ஒண்டியபடி உண்டார்கள். வீட்டுத்தலைவர் மலை கட்டுவதற்காக மேசையைக் கைப்பற்றியிருந்தார்.

மலை என்றால் அட்டை மலை. பெட்டி நிறைய வெட்டுத் துண்டுகள். அவற்றைப் பொருத்தினால் பனி மூடிய சிகரம் ஒன்றும், அதன்மேல் அளவுக்கு மீறிய நீல வானமும் வரும். காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் அந்த மனிதர், ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த விடுப்பைக் குளிர் தொடங்கியதும் மொத்தமாக எடுத்து, இப்பணியில் இறங்கிவிடுவார். குடியிருப்பில் அவருக்குப் ‘புதிர் மன்னர்’ என்று பட்டம். அதைச் சூட்டியவரும் அவரே என்பது அவருடைய மனைவியின் துணிபு.

மனைவி தையற்காரர், கட்டடம் முழுவதற்கும் டெய்லரக்கா. அவர் துணி வெட்டுவதும் அந்த ஒரே மேசையில்தான். அன்று காலை, பல் டாக்டரம்மாவின் கோட்டுக்கான கறுப்புக் கம்பளித் துணியை, நல்ல பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து விரித்தார். சுண்ணக்கட்டியால் கை, முதுகு, முன்பக்கம் எல்லாம் வரைந்துவிட்டு, நூல் வாங்கப் போனார். திரும்பி வந்தபோது துணிமேல் மலை கொட்டிக் கிடந்தது.

"ஏங்க, இது டாக்டரம்மா துணிங்க!"

"தெரியுது, தெரியுது. கறுப்புல துண்டெல்லாம் பளிச்சுனு இருக்கு, வழுக்கவும் மாட்டேங்குது. நீ கோடு போட்டு வச்சதுகூட நல்லதாப் போச்சு. இந்தக் கை இருக்கு பாரு, அதுல வானம். முதுகுல மரம்."

"இருபத்தொண்ணாம் தேதி கோட்டைக் குடுக்கணும்."

"ரெண்டே நாள்ல முடிச்சிடுவேன். ஐயோ, தொடாதே, கலைஞ்சிடும்!"

டெய்லரக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அது வெறும் கோட்டன்று. அந்தக் கோட்டு கச்சிதமாக அமைந்தால், ஆஸ்பத்திரி நர்சுகள் அத்தனை பேருக்கும் குளிர்காலக் கோட்டு தைக்கும் வேலையை அவருக்கே வாங்கித் தருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். தவறினால் அடுத்த தெருப் பெரிய கடை அதைக் கொத்திக்கொண்டு போகும்.

நியாயம் கேட்கலாமென்று நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தார்.

"குளிர்காலத்துல அண்ணனுக்கு மனசு சோர்ந்து போகும் அண்ணி. ஏதாவது பொழுதுபோக்கு வேணும்னு டிவில ஒரு டாக்டரே சொன்னாரு."

"எனக்கும்தான் சோர்ந்து போகுது. என்னைப் பத்தி டிவில பேச ஒரு டாக்டரையும் காணோமே!"

இரண்டு நாள் பன்னிரண்டாயிற்று. மரங்கள் முடிந்தன, சிகரமும் முடிந்தது, வானம் மட்டும் முடிவதாயில்லை. எல்லாத் துண்டும் ஒரே நீலம். மன்னர் ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, எடுத்த இடத்திலேயே வைப்பார். பிறகு, களைப்புத் தீரக் காப்பி கேட்பார். பத்தொன்பதாம் தேதி மாலை கடைசித் துண்டு விழுந்தது. "நாளைக்குக் காலைல துணிய எடுத்துக்கோ" என்றார், நாட்டையே தானமாகக் கொடுப்பவர்போல.

மறுநாள் காலை டெய்லரக்கா பொத்தான் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், நான்கு பேர் மேசையைக் கீழே கூடத்துக்குத் தூக்கிச் சென்றுவிட்டனர். அங்கே குடியிருப்போர் குழுவின் குளிர்காலப் பொழுதுபோக்குக் கண்காட்சி.

குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஒரே கழுத்துத்துணியைக் குளிரில் பின்னி, வெயில் வந்ததும் பிரித்து, மறுகுளிரில் மீண்டும் பின்னுபவர். மூன்றாம் மாடிப் பொறியாளர் சுட்ட ரொட்டி, கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டாக வைக்கப்பட்டிருந்தது. ஓர் அம்மையார் வீட்டுக்குள்ளிருந்தே பனியைப் படமெடுத்து மாட்டியிருந்தார். ஒவ்வொரு படத்திலும் பனியைவிடச் சன்னல் கம்பியே அதிகம்.

செயலாளர் டெய்லரக்காவைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வாங்கம்மா. உங்களுக்கும் தையல்ல ஆர்வம் உண்டாமே? பொழுது நல்லாப் போகுதா?"

"நான் தைக்கிறதாலதான் சார், எங்க வீட்டுக்காரருக்குப் பொழுது போகுது."

சொல்லிக்கொண்டே துணியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். மலையும் சேர்ந்து நகர்ந்தது.

"இது என்னங்க?"

"பசை!" என்றார் மன்னர் பூரிப்புடன். "மேலாப்புல தடவினேன், இடுக்கு வழியா இறங்கி அப்படியே கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. இனிமே கலையவே கலையாது!"

பரிசளிக்க வந்த சிறப்பு விருந்தினர் அந்தச் சமயம் பார்த்தா உள்ளே நுழைய வேண்டும்! வந்தவர் பல் டாக்டரம்மா. மேசையோரம் தொங்கிய கறுப்புத் துணியை அவர் விரலால் தடவினார்.

"அக்கா, இது என் துணி மாதிரியே இருக்கே?"

டெய்லரக்கா பதில் சொல்வதற்கு முன் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். அடிப்புறத் துணியில் ஒரு பொட்டுப் பசை இல்லை. மேற்புறத் துணியிலும் பசை பிடித்திருந்தது, கோடு வரைந்த பக்கத்தில் மட்டுமே; தைத்தபின் அது கோட்டின் உள்பக்கம். போன உயிர் திரும்பி வந்தது.

"உங்க துணிதான் டாக்டரம்மா. ஒட்டினது உள்பக்கம். லைனிங் போட்டா வெளியில தெரியாது. இந்த அட்டைய எடுத்துட்டா நாளைக்குக் கோட்டு உங்க கையில."

"அட்டையா? அது மலைம்மா!" என்று அலறினார் மன்னர்.

"எதுவா இருந்தா என்ன? கோட்டுக்குள்ள வச்சுத் தைக்க முடியாது."

இஸ்திரிப்பெட்டி வந்தது, ஈரத்துணியும் வந்தது. சூடு பட்டதும் வானம் குமிழ்விட்டது, சிகரம் சுருண்டது. ஆனாலும், நூறு நூறாகத் துணுக்குகள் கம்பளியைக் கவ்விக்கொண்டு நின்றன. டெய்லரக்கா நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் பொழுது போகலைன்னுதானே வந்திருக்கீங்க? உக்காருங்க. ஆளுக்கு ஒரு ஓரம்."

டாக்டரம்மாவே முதலில் அமர்ந்ததால் மற்றவர்களுக்கு வேறு வழியில்லை. சிறிது நேரத்தில், அவர்களை எழுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

"சார், நீங்க என் பக்கத்து வானத்துல கை வைக்கிறீங்க" என்றார் பனிப்படம் எடுத்த அம்மையார்.

"நீங்க மெதுவா உரிக்கிறீங்க, அதான். பின்னலைவிட இது நல்லாத்தான் இருக்கு!" என்றார் செயலாளர்.

மன்னர் ஈரச் சிகரமொன்றைக் கையில் ஏந்தி நின்றார்.

"நீங்களும்தாங்க" என்றார் மனைவி. "கைப்பக்கம் உங்களோடது. வானத்தை அங்கதானே வச்சீங்க?"

கோட்டு மறுநாள் மாலை முடிந்தது. டாக்டரம்மா போட்டுப் பார்த்து, தோளை உயர்த்தித் தாழ்த்தி, கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த வாரமே நர்சுகள் அளவு கொடுக்க வந்தார்கள்.

இத்துடன் நின்றிருந்தால் மன்னித்திருக்கலாம். குழுவின் அறிவிப்புப் பலகையில் செயலாளர் இப்படி எழுதி ஒட்டினார்: ‘துணியிலிருந்து அட்டை உரித்தல் என்னும் புதிய பொழுதுபோக்கை அறிமுகம் செய்த புதிர் மன்னருக்குச் சிறப்புப் பரிசு. துணி உதவி: அவருடைய மனைவி.’ மன்னர் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஜனவரியில் புதுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார், அதில் கடல். மேசையை நர்சுகளின் துணி மூடியிருந்தது. துணிமேல் கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடி கிடந்தது. கடல் படிக்கட்டுக்குப் போயிற்று.

வாசகரே, உம் வீட்டு மேசையிலும் ஏதேனும் ஒன்று பரவிக் கிடக்கும். அதன் அடியில் யாருடைய வேலை நசுங்கிக் கிடக்கிறது என்று நீர் இதுவரை குனிந்து பார்த்திருக்கமாட்டீர். கதை முடிந்துவிட்டது, இனி உமக்குச் சாக்கு இல்லை. எழுந்து போய் மேசையைக் காலி செய்யும், இப்போதே!