எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ரங்கசாமி

புளியமேட்டு ரங்கசாமி தன் முறைக்குப் புளி உலுக்கிவிட்டு மரத்தடியில் கண்ணயர்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, அரசாணை அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து அவனால் அந்தக் காட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. எல்லைக்கல் வரைக்கும் நடப்பான். அடுத்த அடி எடுத்து வைத்தால் கால் பழையபடி புளியமரத்தடியில் இருக்கும். முதல் நாள் பதினேழு தரம் முயன்று, செருப்பு அறுந்ததும் விட்டுவிட்டான்.

அது ஜவ்வாது மலையின் மழை எட்டிப் பார்க்காத சரிவில் நாற்பது ஏக்கர் புறம்போக்கு. கல்லும் முள்ளும்தான். பாலைவனம் என்று சொன்னால் பாலைவனம் கோபித்துக்கொள்ளும். ஊர் அதையும் ஒழுங்காக வைத்திருந்தது. தை பிறந்தால்தான் ஆடு ஏறும். ஒரு பாதியில் மேய்ந்தால் மறுபாதிக்கு அந்த வருஷம் ஓய்வு. புளி உலுக்குவது வீட்டுமுறை, உச்சிக்கொம்புக் காய் குரங்குக்கு. எழுத்தில் ஒன்றும் கிடையாது. மீறினவனும் கிடையாது.

பிறகுதான் மெத்தப் படித்தவர்கள் ஜீப்பில் வந்து, அந்த அரசாணையால் அதைப் 'பாதுகாக்கப்பட்ட வறள்நிலம்' ஆக்கினார்கள். ஆடு கூடாது, அடுப்பு கூடாது, கூரை கூடாது, அனுமதியின்றி ஆள் கூடாது, உள்ளே இருக்கும் எதையும் சேதப்படுத்தவோ வெளியே கொண்டுபோகவோ கூடாது என்று பலகை நட்டார்கள். ஆடு கடிக்காத புல் முதல் வருஷம் முற்றிக் காய்ந்தது. இரண்டாம் வருஷம் உண்ணிச்செடி ஏறி அதை அமுக்கியது. மூன்றாம் வருஷம் முயலும் இல்லை, காடையும் இல்லை. பசுமை பெருகிவிட்டதாக அறிக்கை போனது. உண்ணிச்செடியும் பச்சைதானே, ஜீப்பில் வந்ததுகளுக்கு வேறென்ன தெரியும்!

ரங்கசாமியின் பெண்டாட்டி செல்லியம்மாள் பஸ் பிடித்துச் செங்கத்துக்கு இறங்கி, ரேஞ்சர் குமரேசன் முன்னால் போய் நின்றாள்.

"என் வூட்டுக்காரர வெளிய வுடுங்க சார்."

"உள்ள இருக்கிறத வெளிய எடுக்க ரூல் இல்லம்மா."

"அவரு இன்னா மானா, மயிலா? மனுசன் சார்."

குமரேசன் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, முகம் வியர்த்துவிட்டது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் காட்டுப்பன்றிக்குக் கீழே 'மனிதன் – ஒன்று, நிலை – நலம்' என்று எழுதிக்கொண்டார். புகார் அத்துடன் தீர்ந்தது.

உள்ளே போனால் அவளும் திரும்ப முடியாது. மகள் ரம்யா அப்போது வேலூரில் நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே செல்லியம்மாள் கல்லுக்கு இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமும் நின்று ஆறு வருஷம் குடும்பம் நடத்தினார்கள். அவன் கிழங்கு தோண்டித் தின்றான். நெல்லிக்காய் தின்றான். ஆறாவது மார்கழியில் பனி நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமல் வீடுவரை கேட்டது. கீற்று நாலு கொடுங்கள், ஒரு கூரை போட்டுக்கொள்ளட்டும் என்று ரேஞ்சர் ஆபீசில் கேட்டாள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் கட்டடம் கூடாது என்றார்கள். தூ!

"இன்னாமே, இந்தக் குளுரு தாண்டாது போல கீது" என்றான் ரங்கசாமி ஒருநாள், சிரித்துக்கொண்டே.

அதற்குள் மேற்குப் பக்கத்து எல்லைக்கற்கள் இருநூறு அடி உள்ளே தள்ளிப் போயிருந்தன. காலியான இடத்தில் பெரிய அதிகாரிகள் காற்று வாங்க, கண்ணாடி சன்னல் வைத்த பங்களா எழுந்திருந்தது. வேலியே பயிரை மேய்வதென்றால் இதுதான். புளியமேட்டில் எல்லைக்கல்லைத் தொட்டவன் வீட்டில் சாமை வேகாது என்பார்கள். அதனால் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டாலும் கல்லில் கை வைக்க மாட்டார்கள். ஆறு வருஷமாக அந்த எண்ணமே ஊரில் யாருக்கும் வரவில்லை. செல்லியம்மாள் பங்களாவை வெகுநேரம் பார்த்தாள். அங்கே சமையல் நடந்துகொண்டுதான் இருந்தது.

ரம்யாவுக்கு வேலை கிடைத்த சேதி வந்ததும், ஆடுகளைப் பக்கத்து வீட்டு முத்தம்மாளிடம் ஓட்டிவிட்டாள். காவலாளிகள் சாப்பிட்டுப் படுக்கும் உச்சிவேளையில் கடப்பாரையோடு போனாள். கல்லைக் கெல்லி எடுத்து, நூற்றிருபது அடி உருட்டிவந்து, தன் வீடும் உள்ளே அடங்கும்படி வீட்டுக்குப் பின்னால் நட்டாள். பக்கத்தில் பலகையையும் நட்டாள். பிறகு கூப்பிட்டாள்.

ரங்கசாமி நடந்தான். பழைய குழியைத் தாண்டினான், கால் திரும்பவில்லை. வாசலில் குனிந்து வீட்டுக்குள் வந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, ஒரு மூச்சு அழுது தீர்த்தான்.

குமரேசன் வந்து அளந்தார். அரை ஏக்கர் கூடியிருந்தது. சொந்த முயற்சியால் வறள்நிலத்தை விரிவாக்கியதற்கு அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. வீட்டை இடிக்கலாமா என்று பார்த்தார். உள்ளே இருக்கும் எதையும் சேதப்படுத்தக் கூடாது என்று அவருடைய பலகையே சொன்னது. கணக்கில் 'மனிதன் – இரண்டு' என்று திருத்திக்கொண்டு ஜீப் ஏறினார்.

இருமல் நின்றது. ரம்யா மாதம் ஒரு ஞாயிறு வந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவோடும் அப்பாவோடும் பேசிவிட்டுப் போகிறாள். மற்றபடி, செல்லியம்மாள் அன்று உலையில் போட்ட சாமை வேகவில்லை. இன்றுவரை அந்த வீட்டில் சாமை வெந்ததில்லை. அரைவேக்காட்டைத்தான் இருவரும் ஊதி ஊதித் தின்கிறார்கள். உப்பு கொஞ்சம் கம்மி என்கிறான் ரங்கசாமி.