மதகுக்காரரின் குரல்

வெள்ளம் வடிந்த ஆறாம் நாள் காலையில் மதகுக்காரர் மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குப் போனார். தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. கடைக்காரர் ஒரு ஜெனரேட்டரை ஓடவிட்டு அக்கம்பக்கத்தார் ஃபோன்களுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லாவுக்கு முன்னால் நாலைந்து பேர் தலையோடு தலை முட்ட நின்று ஒரே ஃபோனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் படியேறும்போது அந்த ஃபோனில் யாரோ இருமினார்கள். இருமி முடித்து, "அதாவதுங்க..." என்று இழுத்தார்கள்.

அந்த இருமல் அவருடையது. அந்த இழுவையும் அவருடையதுதான்.

"அதாவதுங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலேருந்து ஃபோன் வந்துச்சு. அஞ்சு கதவையும் முழுசாத் தூக்குன்னாங்க. கீழ ஜனம் இருக்கே, ஒரு வார்த்தை சொல்லிடட்டுமான்னு கேட்டேன். நேரமில்ல, தூக்குன்னாங்க. தூக்கிட்டேன்."

மதகுக்காரர் தன் வாய் மூடித்தான் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். நின்றவர்களில் ஒருவர் திரும்பினார். பிறகு எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒரு ஆள் போக அவ்வளவு அகலம் தேவையே இல்லை. கடைக்காரர் மெழுகுவர்த்தியைக் கையில் கொடுக்காமல் பலகையின் மேல் வைத்தார்.

அணையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஐந்து ஷட்டர்களும் எந்த நேரத்தில் எவ்வளவு திறந்திருக்கின்றன என்று ஆறு மணி நேரத்துக்கொரு தடவை குறிப்பேட்டில் எழுதுவது அவர் வேலை. மழை பெய்த அந்த மூன்று நாளும் ஒவ்வொரு வரியிலும் 'மூடியுள்ளது' என்றுதான் எழுதியிருந்தார். அணை நிரம்பவே இல்லை. இன்னும் இரண்டடி மிச்சமிருந்தது. ஊரை அடித்துப் போன தண்ணீர் அணையிலிருந்து வந்ததல்ல. மலையிலிருந்து இறங்கும் காட்டோடை ஒன்று அணைக்குக் கீழே ஆற்றில் வந்து சேரும். வருஷத்தில் பாதி நாள் அதில் ஆடு கூட நனையாமல் நடந்து போகும். அன்றைக்கு அது மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு வந்தது. மதகுக்காரர் அணையின் மேலே நின்று அதைப் பார்த்தார். கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் செய்தார். அடுத்து, ஆற்றோரம் கண்ணாடிக் கடை வைத்திருந்த தன் அண்ணனுக்குச் செய்தார். அண்ணியைக் கூட்டிக்கொண்டு உடனே மாடிக்குப் போய்விடச் சொன்னார். அண்ணன் சரி சரி என்றார். பக்கத்தில் யாரோ கண்ணாடி அறுக்கும் சத்தம் கேட்டது. அதோடு லைன் போய்விட்டது.

அண்ணியின் உடலை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள்.

ஒரு ஓடைமேல் கோபப்பட யாராலும் முடியாது போலிருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தக் குரலைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுத் தெருத் தெருவாக வண்டி விட்டார்கள். அணைக்கு மேலே இருக்கும் அமைச்சரின் பண்ணையைக் காப்பாற்றத்தான் ஊரை மூழ்கடித்தார்கள் என்றார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் பதிலுக்கு வேறொன்றைச் சொன்னார்கள்: இந்த ஆள் எதிர்க்கட்சியின் கைக்கூலி, ஆட்சிக்குக் கெட்ட பேர் வரவேண்டும் என்றே திறந்துவிட்டான். இரு தரப்பும் எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டன. அவர் திறந்தார் என்பதில் மட்டும் சண்டையே இல்லை. துறையிலிருந்து சஸ்பெண்ட் கடிதம் வந்தது.

அவர் வெளியே போகும் இடமெல்லாம் அவருக்கு முன்பே அவர் குரல் போய் உட்கார்ந்திருந்தது. பஸ்ஸில் பின்சீட்டில் இருமியது. முடிவெட்டும் கடையில், தபால் ஆபீஸ் வரிசையில், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள், "தூக்கிட்டேன்" என்றது. வெளியூரிலிருந்து மகள் ஃபோன் செய்து, ஏம்ப்பா இதையெல்லாம் வெளியில் பேசினீர்கள், பத்திரமாக இருங்கள் என்று அழுதாள். நான் பேசவில்லையம்மா என்றதற்கு, சரிப்பா, இனிமேல் யாரிடமும் பேசாதீர்கள் என்றாள்.

அடுத்து, வாசலில் சாமான்கள் வர ஆரம்பித்தன. முதல் நாள் ஒற்றைச் செருப்பு, சேறு காய்ந்து வெடித்தது. அடுத்த நாள் ஒரு மூக்குக் கண்ணாடி. பிறகு ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில், மூடியோடு, உள்ளே பழுப்புத் தண்ணீரோடு. யாரும் கல்லெறியவில்லை, கதவைத் தட்டவில்லை. விடிந்து பார்த்தால் ஏதாவது ஒன்று படியின் நடுவில் நேராக வைக்கப்பட்டிருக்கும். அவர் மனைவி அவற்றைத் தூக்கிப்போடச் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்துச் சுற்றுச்சுவர் மேல் வரிசையாக வைத்தாள். ஒருநாள் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நெசமாவே நீங்க பேசலியா?"

"நீயுமா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன். கேக்கக் கேக்க எனக்கே நீங்க பேசுறாப்லயே இருக்கு."

அன்று மத்தியானம் மதகுக்காரர் அறைக்குள் உட்கார்ந்து அந்தப் பதிவைத் தானே போட்டுக் கேட்டார். அதுவரை அவர் அதை முழுசாக நின்று கேட்டதில்லை. நாலாவது தடவை கேட்கும்போதுதான் உறைத்தது. அஞ்சு 'கதவு'. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயில் கதவு என்று வந்ததே கிடையாது. துறையில் இருக்கும் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்; ஷட்டர் என்பார்கள். 'உன் கதவெல்லாம் எப்படி இருக்கு?' என்று கேட்கிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். சின்ன வயதிலிருந்தே அவர்கள் இருவருக்கும் ஒரே குரல். ஃபோனை எடுத்தால் பெற்ற அம்மாவே ஆளை மாற்றித்தான் பேசுவாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆற்றோரத் தெருவில் சேறு இன்னும் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. கடைக்குள் சுவரில் சாய்த்து வைத்திருந்த பெரிய கண்ணாடிகள் உடையாமலே தப்பித்திருந்தன. அவற்றின் மேல் மார்பளவுக்குப் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. கோட்டுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அவர் நுழைந்தபோது மேல்பாதியில் மட்டும் அவர் தலை நகர்ந்தது. பக்கத்தில் இன்னொரு தலை நிமிர்ந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கண்ணாடித் துண்டைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கதவுன்னு நீ மட்டுந்தாண்ணே சொல்லுவ" என்றார் மதகுக்காரர்.

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஃபோன்ல பதிவு பண்ணிக்க ரெண்டு பேரு வந்தாங்க. உன்னத் தேடிக்கிட்டுதான் வந்தாங்க. உன் குரலத் தெரிஞ்சவங்க போல, நான் வாயத் தொறந்ததும் நீதான்னு நெனச்சுட்டாங்க."

"இல்லன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ சொல்ல மாட்டடா. உனக்கு வேலை இருக்கு, பயம் இருக்கு. அதான் உனக்குப் பதிலா நான் சொன்னேன்."

"நான் தூக்கலண்ணே. ஒரு இஞ்சு கூடத் தூக்கல."

"தூக்கின" என்றார் அண்ணன், ஒரு குழந்தையிடம் சொல்கிற மாதிரி. "தூக்காம அவ்வளவு தண்ணி எப்படி வரும்?"

"அன்னிக்கு உனக்கு ஃபோன் பண்ணேனே. அண்ணியக் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போன்னு சொன்னேனே."

அப்போதுதான் அண்ணன் கை நின்றது. அவர் ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளம் எதுவும் இல்லை.

"ஃபோனா? நீ எங்க பண்ணின? பண்ணியிருந்தா அவள விட்டிருப்பனா நான்?"

மதகுக்காரர் பையிலிருந்து தன் ஃபோனை எடுத்தார். அன்றைய தேதி, ஒன்று நாற்பத்தெட்டு, அண்ணன் பெயர், ஒரு நிமிஷம் பத்து விநாடி. எல்லாம் அதில் இருந்தது. அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மாடிப்படியின் மேல்தட்டில் அண்ணியின் புடவை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் அந்தப் படியின் பாதிவரைதான் ஏறியிருந்தது. மேலே ஒன்பது படிகள் காய்ந்தே கிடந்தன.

அவர் ஃபோனை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, மதகுக்காரர் அந்த ஒரு வரியை ஃபோனிலிருந்து அழித்தார்.

விசாரணைக்கு அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். ஆபீசின் கீழ்த்தளமும் முழுகிப் போயிருந்தது. நனைந்த கோப்புகளைப் பிரித்து வராந்தா முழுக்கக் காயவைத்திருந்தார்கள்; நடக்கும்போது தாள்கள் காற்றில் எழுந்து படுத்தன. விசாரணை அதிகாரி ஒரு அம்மா, அதிகம் பேசாதவர். குரலை ஒப்பிடுகிற நிபுணர் ஒருவர் மேஜையில் மைக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பதிவில் உள்ள வார்த்தைகளை அப்படியே தட்டச்சு செய்து, மூன்று முறை வாசிக்கும்படி அவரிடம் நீட்டினார்கள்.

முதல் தடவை அவர் பழக்கத்தில் "அஞ்சு ஷட்டரையும்" என்று வாசித்துவிட்டார்.

"எழுதியிருக்கிறபடி படிங்க" என்றார் அந்த அம்மா.

"அஞ்சு கதவையும் முழுசாத் தூக்குன்னாங்க" என்று மதகுக்காரர் வாசித்தார். குரல் அந்த அறையின் மூலைகளில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவது தடவை வாசிக்கும்போது, ஷட்டரைத் தூக்கும் கைச்சக்கரத்தின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறுவது போலிருந்தது. மூன்றாவது தடவை அவருக்குத் தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மேலேயிருந்து பேசின ஆளின் குரல் கூடக் கேட்டது. நேரமில்லை, தூக்கு என்று அதட்டுகிற குரல். அப்படியொரு ஃபோன் வந்ததே இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டது. "தூக்கிட்டேன்" என்று முடித்தபோது, ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நிபுணர் இரண்டையும் போட்டுக் கேட்டார். ஒன்றுதான் என்று தலையசைத்தார்.

"உங்க குரல் இல்லன்னா இது யாரோடது? உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாதுங்க" என்றார் மதகுக்காரர். சர்வீசில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.

மூன்றே நாளில் அந்த வாசிப்பும் வெளியே வந்துவிட்டது. யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பழைய பதிவில் இரைச்சல் இருந்தது. இது சுத்தமாக இருந்தது. விசாரணையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தலைப்புப் போட்டு அனுப்பினார்கள். இப்போது நான் பேசவில்லை என்று சொல்லவும் முடியாது. பேசியது அவர்தான்.

அந்த நாட்களில் மதகுக்காரருக்கு ஒரு புதுச் சங்கடம் பிடித்துக்கொண்டது. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அருகில் போய் நின்று, அன்றைக்கு அண்ணனுக்கு நான் ஃபோன் செய்தேன்தானே என்று கேட்டார். நான் எப்படிப் பார்த்திருப்பேன், நீங்கள் அணையில் இருந்தீர்கள், நான் இங்கே இருந்தேன் என்றாள் அவள். செய்தேன் என்று அப்போது சொன்னீர்கள் என்றாள். சொன்னேன் என்பது அவருக்குப் போதவில்லை. அழித்த இடத்தை ஃபோனில் திறந்து திறந்து பார்த்தார். கட்டுப்பாட்டு அறைக்குச் செய்த வரிக்குப் பிறகு அன்றைக்கு எதுவுமே இல்லை.

இரண்டு மாதம் கழித்து நிபுணர் குழு அணைக்குப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தது. ஷட்டர்களின் விளிம்பில் கோடையில் அடித்த பெயின்ட் விரிசல் விடாமல் ஒட்டியபடியே இருந்ததாம். மூன்றாம் ஷட்டரின் சங்கிலியில் பழைய குளவிக்கூடு ஒன்று முழுசாக இருந்ததாம். ஷட்டர்கள் அசைக்கப்படவே இல்லை என்று தொண்ணூற்றோராம் பக்கத்தில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. எதிர்க்கட்சி அதை மூடி மறைக்கும் வேலை என்றது. ஆளுங்கட்சி, அறிக்கையை வரவேற்பதாக ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த தேர்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. சஸ்பெண்டை ரத்து செய்து, மதகுக்காரரைத் தொலைவில் ஒரு குடிநீர் நிலையத்துக்கு மாற்றினார்கள். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளப் போனார். அண்ணன் தோளைத் தட்டி, பயப்படாமல் போய் வா, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வீட்டைக் காலி செய்த அன்று, டெம்போவில் பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட டீச்சர் என்றார். வெள்ளத்தில் கணவரைப் பறிகொடுத்தவர்.

"உங்களப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். இந்த ஊர்ல உண்மையச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். சொல்லாம இருந்திருந்தா, அவரு ஏன் போனாருன்னே எனக்குத் தெரியாமப் போயிருக்கும்."

மதகுக்காரர் கயிற்றைக் கீழே விட்டார். அம்மா, ஷட்டர் திறக்கவே இல்லை என்று ஆரம்பித்து, ஓடை, பெயின்ட், குளவிக்கூடு, தொண்ணூற்றோராம் பக்கம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரல் ஒப்பித்துக்கொண்டிருப்பது போல அவருக்கே பட்டது. டீச்சர் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். காய்ச்சல்காரர் புலம்புவதைக் கேட்கிற பொறுமை அந்த முகத்தில் இருந்தது.

"பரவால்லங்க" என்றார் மெதுவாக. "இப்ப உங்கள இப்படித்தான் பேசச் சொல்லியிருப்பாங்க. எனக்குப் புரியுது. நீங்க நல்லா இருக்கணும்."

டெம்போ கிளம்பியது. மதகுக்காரர் முன்சீட்டில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டீச்சர் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தார். அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் கவனித்தார். ஓட்டுநர் ரேடியோவைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் மனைவி.